தயிர் பூசிய சட்டிகள்

மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யப் போகிறாள். எனக்கு வாய் அதிகம் கிடையாது. மனதில் ஒன்று விழுந்தால் கேட்கமாட்டேன், உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தண்டை குந்தியிருந்தாள். முன்னால் இரண்டு புது மண்சட்டிகள். தயிரைக் கையால் அள்ளி அவற்றின் மேல் பூசினாள். அங்கங்கே சுண்ணாம்பும் தடவினாள். என்னைக் கண்டதும் சாக்கை இழுத்து மூடினாள்.

சாப்பிடுகிற தயிரை யாராவது சட்டிக்கு வெளியே பூசுவார்களா? செய்வினை என்றுதான் என் புத்தி போனது. அன்றிலிருந்து அவள் தந்த தேத்தண்ணியை, அவள் முதுகு திரும்பினதும் கழிவுநீர்க் கானில் ஊற்றினேன். சோற்றை நானே வடித்தேன். கேட்டால் வயிற்றுக்குச் சரியில்லை என்றேன்.

ஒரு மாதம் போயிருக்கும்; மழை விடவேயில்லை. அவள் போனில் என் மகனோடு பேசுவது காதில் விழுந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க. நல்லாப் பழசாயிருச்சுன்னா வெளியில வச்சிரலாம்."

சிரிப்பு வேறு. அந்த வீட்டில் என்னைவிட வேறு என்ன பழசு இருக்கிறது?

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் இரண்டு சேலையைப் பையில் வைத்தேன். கந்தப்பளையில் மகள் இருக்கிறாள். போகுமுன் அந்தச் சட்டிகளைப் பார்த்துவிட நினைத்தேன். வெறுங்கையால் தொடக்கூடாது என்பார்கள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சாக்கைத் தூக்கினேன்.

பச்சைப் பாசி பிடித்து, வெள்ளைக்காரத் துரை காலத்துச் சட்டி மாதிரி இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வேலிச் செடி. ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினேன். எலுமிச்சம்பழம் இல்லை, ஊசி இல்லை, என் தலைமயிரும் இல்லை. செடியைத்தான் நடுவில் புடைத்துக்கொண்டு ஓரம் இறங்கும்படி வெட்டியிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்த கை சும்மா இருக்குமா? ஒரு கம்பை மட்டத்துக்குப் படுக்க வைத்து, மேலே நின்றதையெல்லாம் நறுக்கித் தேயிலை மாதிரி சமமாக்கினேன். அதற்குள் பஸ் போய்விட்டது.

வேலை முடிந்து வந்தவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, இத யாரு மட்டம் வெட்டுனது?"

"ஏத்தம் எறக்கமா இருந்துச்சு."

"பந்து மாதிரி உருண்டையா வளக்குறதுங்க அது. ஹோட்டல் வாசல்ல ரெண்டு பக்கமும் வச்சிருக்காங்க. நம்ம வாசலுக்கும் வைப்போம்னு பாத்தா, நீங்க அதுலயும் கொழுந்து எடுத்துட்டீங்க."

"தயிரு?"

"அது பூசுனாத்தான் பாசி புடிக்கும். பழசாத் தெரியும். அங்க புதுச் சட்டிய வாசல்ல வைக்க மாட்டாங்க."

"அத ஏன் ஒளிக்கணும்?"

"தயிர வீணாக்குறேன்னு வைவீங்கல்ல."

பிறகுதான் பையைப் பார்த்தாள். "இது எங்க கெளம்புது?"

"மக வீட்டுக்கு. சும்மா."

"வயித்து வலியோடயா?"

பையைக் காலால் சுவரோரம் தள்ளினேன். அவள் தேத்தண்ணி ஊற்றினாள், இரண்டு கோப்பை. அவள் ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு என்னுடையதை முழுக்கக் குடித்தேன்.

சட்டிகள் இப்போது வாசலின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. "என்னக்கா, வாசல்லயே தேயிலை போட்டுட்டீங்களா?" என்று மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கேட்கிறார்கள்.

ஒரு சேலையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மற்றது இன்னும் பையில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு எதற்கென்று அவள் சொல்லவில்லையே.