சாமந்தியைப் பற்றிச் சொன்ன பொய்

தெருவே அவளைப் பூக்கடை அக்கா என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் புருஷனும் அப்படித்தான். முப்பது வருஷமாகக் கல்யாணப் பூங்கொத்து கட்டுகிறவள். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று யார் கேட்டாலும் வாய்க்கு வந்ததை அடித்துவிடுவாள்.

ஒரு கல்யாணத்தன்று வெள்ளை ரோஜா வந்து சேரவில்லை. கடையில் வெள்ளைச் சாமந்திதான் இருந்தது. மணப்பெண்ணின் முகம் வாடியதும், "இதுல என்னம்மா குறை? அந்தக் காலத்து ராணிங்க கல்யாணத்துக்கே இதுதான். இதைக் கையில பிடிச்சவங்க பிரியவே மாட்டாங்க" என்றாள். பெண் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

நான்கு வருஷம் கழித்து அதே பெண் கடை வாசலில் வந்து நின்றாள். "அவர் போயிட்டாருக்கா. சவப்பெட்டி மேல வைக்க அந்தச் சாமந்தியே வேணும். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அதைத்தான் வாங்கிட்டு வருவார். நீங்க சொன்னதை அப்படியே நம்பினார்."

அக்கா நூல்கண்டைக் கீழே வைத்தாள். "அது நான் சும்மா சொன்னதும்மா. ரோஜா வரல, அதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

அந்தப் பெண் வாளியிலிருந்து வெள்ளைச் சாமந்தியை எடுத்து நீட்டினாள். "அவருக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும். நீங்க கட்டுங்கக்கா."

கட்டி முடிக்கும்வரை அக்கா நிமிரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது யாராவது பூவுக்கு அர்த்தம் கேட்டால், "தெரியாதுங்க. மூணு நாள் வாடாம இருக்கும், அது மட்டும் நிச்சயம்" என்கிறாள்.