கோதண்டம் கேட்ட ஒரு சுற்று

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். பழவேற்காட்டு ஏரியில் இருபது வருஷம் வலை போட்டவன், எந்த இருட்டிலும் தனியாகப் போய் வந்தவன், தண்ணீரில் ஒரு பிசாசையும் பார்த்ததில்லை. இது தரையில், பட்டப்பகலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஏரியில் மீன் குறைந்துபோனதும் படகில் என் பங்கை மச்சானுக்கே விட்டுவிட்டு, தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கி வந்த பழைய கார் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன், அதற்கும் தவணைதான். எங்கள் குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு சவாரி, ஆஸ்பத்திரி, கோர்ட், கல்யாணம் என்று ஏதாவது கிடைக்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய படகு வாங்கினால், விற்றவரையே முதல் நாள் அதில் உட்கார வைத்து ஒரு சுற்று அழைத்துப் போவோம், குழம்புக்கு மீன் கொடுத்து அனுப்புவோம். அவர் மனசாரக் கொடுத்தால்தான் படகு நம்முடையது. காருக்கும் அதைச் செய்யலாமே என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், ஏலத்தில் எடுத்ததற்கு யாரைப் போய்க் கூப்பிடுவது என்று இருந்துவிட்டேன்.

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய பெயர் காட்டூர் கோதண்டம். ஏலம் எடுத்துக் கொடுத்த புரோக்கரிடம் என் நம்பரை வாங்கி அவரே ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, சண்டைக்கு வரல. ஒரே ஒருவாட்டி இந்தாண்ட ஓட்டினு வா. குந்தி ஒரு சுத்து போய்ட்டு வந்தா போதும்."

போனால் ஆள் சேர்த்து வண்டியை மடக்கிவிடுவார் என்று பயந்தேன். "வர்றேன் பெரியவரே" என்று சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்தேன். அந்தப் பொய்யைத் திரும்ப வாங்க முடியுமென்றால் காரையே கொடுத்துவிடுவேன்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. பொன்னேரி போகும்போது காட்டூருக்குப் பிரியும் இடம் வந்தால் இடது இண்டிகேட்டர் தானாக எரியும். திரும்பி வரும்போது வலது, ஏனென்றால் அப்போது காட்டூர் வலப்பக்கம். எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை ஒயரையே மாற்றிப் பார்த்துவிட்டார்.

மச்சானுக்கு ஒரே கேலி. "இன்னா மாமா, வண்டிக்கு அந்த ஊர்ல சின்ன வூடு கீதா?"

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சவாரியை இறக்கிவிட்டு அவனும் நானும் திரும்புகிறோம். விளக்கு எரிந்தது. அணைத்தேன், மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"மாமா, இது படகா இருந்தா போயிருப்ப இல்ல?"

சுருக்கென்றது. திருப்பினேன். ஊருக்குள் ஒவ்வொரு முனையிலும் விளக்கு தானாக எரிந்தது, நான் அது காட்டிய பக்கமே ஓட்டினேன், ஒரு பச்சைக் கதவு வீட்டின் முன்னால் அணைந்தது. வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், மிதிபட்ட பூ.

கோதண்டத்தின் மகள் வெளியே வந்தாள், காரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்துதாண்ணா நைனாவ எடுத்தோம்."

நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்ணா. வர்றேன்னு சொன்னீங்களாமே. தெனிக்கும் மத்தியானம் துவைச்ச சட்ட போட்டுனு வாசல்லயே குந்தினு கெடந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம குந்தின வாக்குல தூங்கிப்போச்சு. எழுந்து, வண்டில ஒரு சுத்து போய்ட்டு வந்துட்டேன்னு ஒரே சிரிப்பு. கிளட்ச் புதுசா மாத்திக்கீறான், இறுக்கமா கீதுன்னு வேற சொல்லிச்சு. சாயங்காலம் உசுரு போய்டுச்சு."

கிளட்ச் மாற்றியது அந்த ஞாயிறு காலையில்தான், எங்கள் குப்பத்து மெக்கானிக்கிடம். மதியமெல்லாம் வண்டி என் வீட்டு முன்னால் பூட்டி நின்றது, சாவி என் சட்டைப்பையில். காட்டூரில் இதை யார் சொல்லியிருக்க முடியும்?

அவர் ஆசை தீர்ந்துதானே போனார் என்று மச்சான் ஆறுதல் சொல்கிறான். எனக்கு ஆறவில்லை. நான் கூட்டிப் போயிருக்க வேண்டிய சுற்று அது.

ஓட ஓட கிளட்ச் இளகிவிடும் என்றார் மெக்கானிக். ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். மதியத்தில் மட்டும் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு கால் அதை மிதித்துக்கொண்டிருப்பதுபோல.