படகு மறைக்கிற அறை

கப்பல் பேச்சு வந்த நாளிலிருந்து பழனாயிக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் ஞானசம்பந்தத்துக்குத் தை மாதம் அறுபது முடிகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் பிரியங்கா போன் போட்டு, "அறுபதாங் கல்யாணத்த எங்க வெச்சுக்கலாமுங்கப்பா?" என்று கேட்டாள். நாலு மாதமாக எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பதற்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"கல்யாணமெல்லாம் வேண்டாங் கண்ணு. கடலுக்குள்ள ஒருக்கா போயிப் பாக்கோணும்."

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஆசைப்பட்டு ஒன்று கேட்டுவிட்டாரே! சென்னையில் கிளம்பி மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்றை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். பழனாயியால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் ஆடி மாதம் நடந்தது மகளுக்குத் தெரியாது.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்கென்று கிளம்பிய ஞானசம்பந்தம் வேலைக்குப் போகவில்லை. பெருமாநல்லூருக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆடு ஓட்டி வந்த முத்தாத்தாள் என்ற அம்மாள் பார்த்துவிட்டாள். ஊர் கேட்டு, பேர் கேட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கிட்டப் போய்க் கையைப் பிடித்தவள், வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை விடவில்லை. பழனாயியிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் போனாள். மகராசி, அவள் நன்றாக இருக்கட்டும்.

என்ன காரணம் என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம், பாருங்கள்! இங்கே அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் சண்டை சச்சரவு இல்லை, உடம்பில் நோய் இல்லை, மகளைக் கொடுத்த இடம் தங்கமான இடம். கோயமுத்தூர் டாக்டர், "மனசுக்கும் காய்ச்சல் வருமுங்க. மாத்திரைய விட்டுறாதீங்க, அவரைத் தனியாவும் விடாதீங்க" என்றார். பழனாயி இரண்டையும் விடவில்லை.

பழனாயி லேசுப்பட்டவள் இல்லை. பதினேழு வயதில், டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடியாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவள். இன்றைக்கு நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்கும் செக்கிங் சூப்பர்வைசர். கடுகளவு ஓட்டையோ, ஊசிமுனை அளவு எண்ணெய்க் கறையோ, அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் கப்பலேறியதில்லை. கட்டிங் மாஸ்டர் ஞானசம்பந்தம் வெட்டிய கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது என்று மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியவள் அவள். சண்டை போட வந்தவர் பெண் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கதையை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை.

ஆடிக்குப் பிறகு பழனாயிக்கு வீட்டிலும் செக்கிங் வேலைதான். அவர் குளிக்கப் போனால், "தாப்பாப் போடாதீங்க, மழைக்கு ஊறிப் புடிச்சுக்குது" என்று கூசாமல் பொய் சொல்வாள். கம்பெனியில் டீ பெல் அடித்தால் கட்டிங் பக்கம் ஓடி, அவர் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் டீ தொண்டையில் இறங்கும். கிணற்றைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அது எழுந்து வந்து எதிரே நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம்.

இந்த லட்சணத்தில்தான் கடல் வந்து சேர்ந்தது. அதுவும் நாலாபக்கமும் தண்ணீர்!

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். என்ன காரணம் சொல்வது? மகளிடம் உள்ளதைச் சொன்னால் அவர் கூனிக்குறுகிப் போவார். சொல்லாமல் தட்டிக்கழித்தால், நாலு மாதத்தில் அவருக்கு வந்த ஒரே ஆசையைப் பிடுங்கி எறிந்த பாவம் வந்து சேரும். பழனாயி இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள்.

பிரியங்கா மூன்று அறைகளின் படத்தை அனுப்பினாள். முதல் அறைக்கு ஜன்னலே இல்லை. பழனாயி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். அவரோ, "அடைச்ச ரூமுல என்னால மூச்சு விட முடியாது, பழனாயி" என்றார். அது பொய்யில்லை. ஆடியிலிருந்து கம்பெனி வேனில்கூட ஜன்னலோரம்தான் உட்காருகிறார். இரண்டாவது அறையில் பால்கனி. இடுப்புயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப்பக்கம் வானமும் தண்ணீரும்தான். அந்தப் படத்தை அவள் சட்டென்று விரலால் தள்ளிவிட்டாள். மூன்றாவதிலும் பால்கனி உண்டு. ஆனால் தடுப்பை ஒட்டினாற்போல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படகு தொங்கியது.

சனிக்கிழமை காலையில் மகளைப் போனில் கூப்பிட்டாள். "மூணாவது ரூமுல அதென்ன கண்ணு, படகு?"

"கப்பலுக்கு ஆபத்துன்னா ஏறித் தப்பிக்கறதுக்குங்கம்மா. அது முன்னாடி தொங்கறதால பாதிக் கடல் தெரியாது. நம்ம கம்பெனில கொற இருக்கற துணிய செகண்ட்ஸ்னு ஒதுக்குவீங்கல்ல, அந்த மாதிரி ரூமு அது."

"தடுப்புக்கும் படகுக்கும் நடுவுல எத்தன எடவெளி இருக்கும்?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? ஏங்கம்மா, கடலப் பாக்கப் போறீங்களா, படகப் பாக்கப் போறீங்களா? நீங்க போயி செகண்ட்ஸ் எடுக்கறீங்களே!" மகள் சிரித்தாள். "திங்கக்கெழமைக்குள்ள சொல்லீருங்க. அப்பறம் எந்த ரூமும் இருக்காது."

அன்றைக்குக் கம்பெனி ஆபீஸில் சொல்லி மூன்று படங்களையும் பெரிதாகக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கலைந்த பிறகு, செக்கிங் மேஜையில், டியூப்லைட்டுக்குக் கீழே அவற்றை விரித்தாள். மேஜையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. துணியில் எங்கே குறை இருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டி அந்தக் குட்டி அம்பை ஒட்டுவார்கள். சரிசெய்கிறவர்கள் அதைப் பார்த்துத் தைப்பார்கள். பழனாயியின் கை தானாகவே ஸ்டிக்கரை உரித்தது. ஒரு மனிதன் எங்கே கால் வைக்கலாம், எங்கே தாண்டலாம், எந்தக் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொள்ளலாம் என்று தேடித் தேடி ஒட்டினாள். நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்து ஒட்டினாள். கட்டிய புருஷனைப் பற்றி இப்படி யோசிக்கிறோமே என்று கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு ஒட்டினாள்.

இரண்டாவது படத்தில் ஏழு அம்பு விழுந்தது. மூன்றாவதில் ஒன்றே ஒன்று. இடது ஓரத்தில், படகு முடிகிற இடத்தில், ஒரு ஆள் அகலத்துக்கு வெளி தெரிந்தது. அங்கே நாமே போய் உட்கார்ந்துகொண்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டாள். மூன்று நாளும் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. படகு ஒரு பக்கம் காவல், அவள் ஒரு பக்கம் காவல். தாள்களையும் ஸ்டிக்கர் சுருளையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திடீரென்று தூறல் விழுந்தது. மொட்டைமாடியில் துணி காய்கிறதே என்று ஓடினாள். அள்ளிக்கொண்டு இறங்கி வருவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வந்து பார்த்தால், ஞானசம்பந்தம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் கம்பெனிப் பை திறந்து கிடந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டை. மாத்திரையை அவள் அந்தப் பையில்தான் வைத்திருப்பாள்; அதைத் தேடியிருக்கிறார். முட்டாள், அந்தத் தாள்களை அந்தப் பையிலேயே விட்டு வைத்திருந்தாள்!

மூன்று தாளும் அவர் முன்னால் வரிசையாக இருந்தன. முப்பத்தைந்து வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறவருக்குச் சிவப்பு அம்பு என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனாயி ஈரத்துணியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு. கோபப்படுவாரா, எழுந்து வெளியே போய்விடுவாரா? போனால் பின்னால் ஓட வேண்டுமே என்று செருப்பு கிடந்த பக்கம் பார்த்தாள்.

அவர் எழவில்லை. பைக்குள் கையை விட்டு ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். ஒன்றை நகத்தால் உரித்தார். மூன்றாவது படத்தில், படகுக்கு நேரே போட்டிருந்த நாற்காலியின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"இத உட்டுட்டயே, பழனாயி" என்றார். "இதுல ஏறி நின்னா, படகெல்லாம் ஒரு மறைப்பா? ரூமுக்குள்ள போறப்பவே இதத் தூக்கி வெளிய வெச்சரச் சொல்லோணும்."

துணி கையை விட்டு நழுவியது. பழனாயி அவர் எதிரே அப்படியே உட்கார்ந்தாள். நாலு மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"ஏனுங்க... இன்னமும் தோணுதுங்களா?"

"தோணுது." அவர் ஒளிக்கவில்லை. "தெனமும் இல்ல. சில நாளு. கடலப் பாக்கோணும்னு நெசமாலுமே ஆச, அதுல கள்ளமில்ல. ஆனா அங்க போயி, அந்த நேரத்துல நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல. எம்மேல எனக்கே பயமா இருக்குது. நீ ஒருத்தி பாத்தாப் பத்தாது, பழனாயி."

அவள் வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளும் அவரைப் பார்த்து அவள் பயந்துகொண்டிருந்தாள். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே ஆளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அழுது ஓய்ந்ததும் மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். "கண்ணு, படகு மறைக்குதே, அந்த ரூமையே போட்டுரு. பால்கனில நாற்காலி மட்டும் இருக்கக் கூடாதுன்னு எழுதிக் கேட்டு வாங்கீரு."

"நாற்காலி இல்லாம எங்கீங்கம்மா உக்காருவீங்க? என்னதாங்க ஆச்சு உங்களுக்கு?"

பழனாயி வழக்கம்போல ஒரு பொய்யைத் தேடினாள். அதற்குள் ஞானசம்பந்தம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நாற்காலி நாந்தாங் கண்ணு வேண்டாம்னேன்" என்றார். "ஏன்னு சொல்றேன். நீ மொதல்ல சித்த நேரம் உக்காரு."