லண்டனில் பனிச் சங்கிலி வாங்கிய பஸ்தியாம்பிள்ளை

லண்டனில் பனி கொட்டுவதே எப்போதாவதுதான். கொட்டினாலும் இரண்டொரு நாளில் கரைந்து சேறாகிவிடும். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதன் பனியில் வழுக்காமல் டயருக்கு மாட்டுகிற இரும்புச் சங்கிலியை வாங்கி வைத்தால் சனம் சும்மா விடுமா? பஸ்தியாம்பிள்ளையைக் கோயிலில் கண்டவர்களெல்லாம் ஒரு காலத்தில், "அண்ணை, சங்கிலி சுகமோ?" என்றுதான் கேட்டார்கள். அவரும் கூடவே சிரித்தார். தன்னோடு பேச ஆட்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு அந்தப் பகிடியும் பழசாகி, அதைக் கேட்பாரும் இல்லாமல் போனார்கள்.

மன்னார்ப் பக்கத்து ஆள். வயது அறுபதை நெருங்குகிறது. குரோய்டனுக்குக் கிட்ட, சவுத் நோர்வூட் மேட்டில், செங்குத்தாக ஏறுகிற ஒரு சின்னத் தெருவின் உச்சியில் குடியிருக்கிறார். வேலி அடைப்பது, தோட்டம் துப்புரவாக்குவது, வெட்டிய கொப்புகளை ஏற்றிப்போய்க் கொட்டுவது அவருடைய தொழில். அதற்காகத்தான் ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு வரிசை சீற், பின்னால் திறந்த பெட்டி. அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு, விசா கைக்கு வந்தபோது தலை நரைத்துவிட்டது. "இனி என்னத்துக்குக் கலியாணம்" என்று அவரே சொன்னார். யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார். எல்லோரும் ஓம் என்று தலையாட்டிவிட்டார்கள்.

சங்கிலி வாங்கிய காரணத்தையும் அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. முன்பொரு வருஷம் பெரும் பனி பெய்தது. மேட்டிலிருந்து பிக்கப்பை இறக்க முடியவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. அடுத்த ஞாயிறு போகும்போது, "போன கிழமை உங்களைக் காணேல்லையே" என்று யாராவது கேட்டால் சொல்லவென்று ஒரு பதிலைக்கூட ஆயத்தமாக வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொம்பியூட்டரைத் திறந்து சங்கிலிக்கு ஓடர் கொடுத்தார். பனிக்குப் பயந்து வாங்கிய சங்கிலி அல்ல அது. தான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை என்பதை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அவர்களுடைய கோயில் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் மடுக் கோயிலில் இருக்கிற மாதாவின் சின்னச் சொரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும். ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும், ஒரு வீட்டில் தங்கும். மாதா வந்து இறங்குகிற ஞாயிறு பின்னேரம் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, சாப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போவார்கள். இதை ஒழுங்கு செய்கிறவள் இம்மாகுலேற். தோர்ன்டன் ஹீத்தில் புருஷன் றொஜனோடு இருக்கிறாள். கெட்டிக்காரி, வாய்க்காரி. ஆனால் தனி ஆட்களின் வீடுகளை அவள் தாண்டிப் போய்விடுவாள். "தனி ஆள், உங்களுக்கு ஏன் அண்ணை கரைச்சல்?" என்பாள். நல்ல மனதோடு சொல்வதுதான். நல்ல மனதோடு சொல்வதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பஸ்தியாம்பிள்ளைக்குத்தான் தெரியும். பல வருஷம் பொறுத்து, இந்த வருஷம் வாய் திறந்து கேட்டார். இம்மாகுலேற் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "அதுக்கென்ன, டிசம்பரிலை வைப்பம்" என்றாள்.

அன்றிலிருந்து மனிதர் கால் நிலத்தில் படாமல் திரிந்தார். முன் அறைக்கு வெள்ளை அடித்தார். மடிக்கிற கதிரைகள் வாங்கினார். மாதாவுக்கு ஒரு மேசை, அதற்கு நீல விரிப்பு. அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்திருந்து தேத்தண்ணி குடித்த நாளே அவருக்கு நினைவில் இல்லை. இப்போது இருபது கோப்பைகள் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். சனிக்கிழமை முழுதும் அடுப்படியில் நின்று ரோல்ஸ் சுற்றினார். இரவு படுக்கும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது.

விடிய எழும்பி யன்னல் சீலையை விலக்கினால், தெருவைக் காணவில்லை. கார்களெல்லாம் வெள்ளை மேடுகளாகக் கிடந்தன.

காலையிலேயே டொலறஸ் அக்கா போன் எடுத்தா. மாதா அந்தக் கிழமை அவ வீட்டில்தான் இருந்தா. எழுபதைத் தாண்டிய விதவை, முழங்கால் வருத்தக்காரி. இம்மாகுலேற் வீட்டுக்கு அடுத்த தெருவில் மகனோடு இருக்கிறா.

"தம்பி, மகன்ரை கார் அசையுதில்லை. மாதா இந்தக் கிழமையும் இஞ்சையே இருக்கட்டுமே?"

"இல்லை அக்கா, நான் வாறன்" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"இந்தப் பனிக்குள்ளையோ? எப்பிடி?"

"என்னட்டைச் சங்கிலி இருக்கெல்லோ."

இந்தப் பதிலைச் சொல்ல அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார்! சங்கிலியைப் பையிலிருந்து எடுத்து உதறி, பனியில் முழங்காலை ஊன்றி, டயரின் மேல் விரித்து, உள்பக்கக் கொக்கியை மாட்டி, வெளிப்பக்கத்தை இழுத்துக் கட்டினார். விரல்கள் விறைத்துப் போயின. இரண்டு சில்லுக்கும் பூட்டி முடித்து, பெருமையாக ஏறி இருந்து அக்சிலறேற்றரை அமத்தினால், பிக்கப் நின்ற இடத்திலேயே நின்று உறுமியது. இறங்கிப் பார்த்தார். பின் சில்லுகள் வெறுமனே சுழன்று பனியைத் தோண்டியிருந்தன. வண்டியைத் தள்ளுவது பின் சில்லுகள்; மனிதர் அவசரத்தில் சங்கிலியை முன் சில்லுகளில் பூட்டியிருக்கிறார். ஏச வேறு ஆள் இல்லாததால் தன்னைத் தானே ஏசிவிட்டு, கழற்றி மறுபடி பின்னால் பூட்டினார். பாரத்துக்கு இரண்டு மண் மூட்டைகளையும் பெட்டியில் தூக்கிப் போட்டார். இந்த முறை வண்டி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு, ஒரு சறுக்கல் இல்லாமல், மேட்டை விட்டு இறங்கியது.

டொலறஸ் அக்கா வீட்டில் மாதாவை வாங்கி, பக்கத்து சீற்றில் இருத்தி, பெல்ட்டும் போட்டுவிட்டார். சங்கிலி பூட்டிய வண்டியை வேகமாக ஓட்டக்கூடாது. நடக்கிற ஆளை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வழியில் சனம் நின்று பார்த்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பக்கத்தில் ஆள் இருக்கிற நினைப்பில் பஸ்தியாம்பிள்ளை, "பாத்தீங்களோ?" என்று மாதாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, மாதாவை மேசையில் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, கதிரைகளை நேராக்கிக்கொண்டு நின்றபோது இம்மாகுலேற்றின் போன் வந்தது.

"அண்ணை, மாதாவைப் பனிக்குள்ளை கொண்டுவந்திட்டீங்களாம். டொலறஸ் அக்கா சொன்னவ. நீங்கள் பெரிய ஆள்!"

பஸ்தியாம்பிள்ளை குளிர்ந்து போனார்.

"அப்ப ஒரு உதவி அண்ணை. உங்கடை மேட்டுக்கு ஒரு காரும் ஏறாது. எங்கடை தெருவுக்குச் சனம் நடந்து வரும், சமதரை. மாதாவை அப்பிடியே இஞ்சை கொண்டு வாங்கோ. செபமாலையை எங்கடை வீட்டிலை வைப்பம். ரோல்ஸையும் கொண்டு வாங்கோவன். உங்களிட்டைத்தானே சங்கிலி இருக்கு."

சங்கிலி இல்லாவிட்டால் மாதா டொலறஸ் அக்கா வீட்டோடு நின்றிருப்பா. அவருடைய முறை தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். சங்கிலி இருந்தபடியால் அவரே தன் கையால் மாதாவைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைக்க வேண்டுமாம். அறையில் கதிரைகள் வரிசையாக இருந்தன.

"ஒரு நிமிஷம் இரு தங்கச்சி" என்றார். போனையும் கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மாதாவுக்கு முன்னால் நின்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"சங்கிலி அறுந்து போச்சு" என்றார்.

"ஐயோ! எப்ப?"

"இப்பதான். வாசல்லை. வண்டி இனி அசையாது."

"சரி அண்ணை, என்ன செய்யிறது. நாங்கள் இஞ்சை மாதாவின்ரை படத்தை வைச்சுச் செபமாலை சொல்லுறம். நீங்கள் கவனம்" என்று இம்மாகுலேற் வைத்துவிட்டாள்.

பொய் பலித்துவிட்டது. மாதா அவருடைய வீட்டிலேயே இருந்தா. ஆனால் பொய் சொல்லிக் காப்பாற்றிய அந்த வீட்டுக்குள் அவரையும் மாதாவையும் தவிர வேறு ஒருவரும் இல்லை. மாதாவோடு போயிருந்தாலாவது நாலு பேருக்கு நடுவில் இருந்திருக்கலாம். இப்போது சங்கிலி அறுந்ததாகச் சொன்ன மனிதருக்கு வெளியே தலை காட்டவும் வழியில்லை. தன் முட்டாள்தனத்தை நினைத்து அவருக்கு அழுகை வந்தது.

மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. செபமாலையை எடுத்துக்கொண்டு முதல் கதிரையில் இருந்தார். செபமாலை என்பது தனி ஆளுக்கு வைத்த செபம் அல்ல. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். தனியே சொல்வது அவருக்குப் புதிதில்லை, தினமும் சொல்கிறவர்தான். ஆனால் அன்று வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருந்து முன்பாதியைச் சொல்லிவிட்டு, தன்னை அறியாமல் நிறுத்தினார். பதில் வரவேண்டிய இடத்தில் ஹீற்றர் மட்டும் இரைந்தது. பிறகு மிச்சத்தையும் தானே சொன்னார். இரண்டாம் மணியை உருட்டியபோதும் அப்படியே நிறுத்தினார். மூன்றாவதில் குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. றொஜன். அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணை, நாங்கள் உங்கடை மேட்டடிக்கு வந்திட்டம். நானும் இம்மாகுலேற்றும் டொலறஸ் அக்காவும்."

"எப்பிடி வந்தனீங்கள்?"

"நடந்துதான். மாதா வீட்டுக்கு வந்த நாளிலை அவவைத் தனிய விடக்கூடாதாம் எண்டு டொலறஸ் அக்கா ஒரே பிடியிலை நிண்டவ. மெயின் ரோட் பரவாயில்லை, உப்புப் போட்டிருக்கு. இந்த ஏத்தந்தான் அவவுக்கு ஏலாமல் கிடக்கு. ஒரு மதிலிலை இருத்தியிருக்கிறம். மெல்ல மெல்ல வாறம், கதவைத் திறந்து வையுங்கோ."

மாதா ஒரு பின்னேரம் தனியே இருக்கக்கூடாதாம். பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு கணம் அந்தச் சொரூபத்தின் மேல் பொறாமையே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த மேட்டில் ஒரு மனிதன் தனியே இருக்கிறான் என்று வந்து பார்க்க ஒருவரும் செருப்பை மாட்டவில்லையே என்று நெஞ்சு கொதித்தது. யன்னலுக்கு வெளியே, லைற் வெளிச்சத்தில் பிக்கப் நின்றது. பின் சில்லுகளில் சங்கிலி பளபளவென்று முழுசாகக் கிடந்தது.

இரண்டே வழிதான். அவர்கள் ஏறி வருவதற்குள் சங்கிலியைக் கழற்றி ஒளித்துவிட்டால் பொய் பிழைத்துக்கொள்ளும். விறைத்த கையோடு அதுவும் முடியாத காரியமல்ல. கோட்டையும் போட்டுக்கொண்டு வெளியே போய், சில்லடியில் குந்தி, கொக்கியில் கை வைத்தும் விட்டார். எழுபது வயது மனுசி முழங்கால் வருத்தத்தோடு பனிக்குள் மதிலில் இருப்பது கண்ணில் நின்றது. கையை எடுத்தார். வண்டியில் ஏறி இறக்கத்தில் விட்டார்.

சங்கிலிச் சத்தம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வளைவில் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டொலறஸ் அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. றொஜன் கைத்தாங்கலாக அவவைத் தூக்கிப் பின் சீற்றில் ஏற்றினான். இம்மாகுலேற் ஏறவில்லை. குனிந்து சில்லைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அறுந்தது எண்டனீங்கள்?"

"அறேல்லை, தங்கச்சி." அவருக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பொய் சொன்னனான். மாதாவைத் தந்தால் என்ரை வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டியள் எண்டு. ஒருக்காலெண்டாலும் ஆக்கள் வரவேணும் எண்டு ஆசையாக் கிடந்தது."

றொஜன் பின்னால் ஏறினான். பிறகு இம்மாகுலேற் முன் கதவை அடித்துத் திறந்து ஏறி இருந்தாள். தொடங்கினாள்.

"உங்களுக்கு அறிவிருக்கோ அண்ணை? டொலறஸ் அக்கான்ரை கால் தெரியுமெல்லோ? விழுந்திருந்தா என்ன செய்திருப்பியள்? வண்டியை வாசல்லை வைச்சுக்கொண்டு! 'இல்லை இம்மாகுலேற், இது என்ரை முறை, நீங்கள் எல்லாரும் இஞ்சை வாங்கோ, நான் வந்து ஏத்திறன்' எண்டு சொல்ல வாயில்லையோ? நான் என்ன பேயோ பிசாசோ? வாயைத் திறந்து கேட்டால்தானே மற்றாக்களுக்கும் விளங்கும்? வயசென்ன உங்களுக்கு? சின்னப் பிள்ளையள் மாதிரி!"

பஸ்தியாம்பிள்ளை ஸ்டியறிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்தார். கண் கரித்தது. தாய் செத்த பிறகு அவரை ஒருவரும் ஏசியதில்லை. எல்லோரும் மரியாதையாக, அண்ணை அண்ணை என்று, எட்ட நின்றே கதைத்தார்கள். ஒரு மனிதனை ஏசுவதற்கு அவன் வேண்டியவனாக இருக்க வேண்டும். அவருக்கு அது இப்போதுதான் விளங்கியது.

"கதைக்கிறீங்கள் இல்லை! கேக்குதோ நான் சொல்லுறது?"

"ஓம் ஓம், கேக்குது. சொல்லு" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. பின் சீற்றிலிருந்து டொலறஸ் அக்காவும், "நல்லா ஏசு பிள்ளை" என்று சேர்ந்துகொண்டா. வீடு தெரியும் தூரத்தில்தான் இருந்தது. வண்டி ஏறுகிற ஏற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் அமத்தலாம், சங்கிலி தாங்கும். பஸ்தியாம்பிள்ளை அமத்தவில்லை. அக்சிலறேற்றரில் இருந்த காலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.