கைகாவலுக்குக் கொஞ்சம்

'கிடங்கார்' என்று எந்தத் தாயும் பிள்ளைக்குப் பெயர் வைத்ததில்லை, தொழிற்சாலை வைத்தது. தண்ணீர் பம்பு செய்யும் அந்த ஆலையின் ஸ்டோரை இருபத்தெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவரை முதலில் 'கிடங்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். தலை நரைத்ததும் மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்தார்கள். பதவி ஏறாத இடத்தில் பெயராவது ஏறட்டுமே.

அவருக்கு இப்போது வேண்டியது பத்து நாள் லீவு. திங்கட்கிழமை மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன். முடிந்தபின் இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். மகள் தொலைவில் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. ஏற்கெனவே இரண்டு முறை தேதி வாங்கி, லீவு கிடைக்காமல் இரண்டையும் கோட்டை விட்டாயிற்று.

"நேத்து உங்க சட்டைன்னு நெனச்சு, தரை துடைக்கிற துணிய மடிச்சு அலமாரியில வச்சுட்டேங்க," என்றாள் மனைவி.

"அதத்தான் போட்டுட்டுப் போனேன். யாரும் கண்டுபிடிக்கல."

சிரித்தாள். பிறகு, "அடுப்பையும் தடவித் தடவித்தான் பத்த வைக்கிறேன்," என்றாள்.

லீவு ஏன் கிடைப்பதில்லை? அவர் இல்லாவிட்டால் ஸ்டோரில் ஒரு சாமானும் கிடைக்காது. அது ஏன்? எல்லாம் 'கைகாவல்' என்ற ஒரு சொல் செய்த வேலை.

ஒரு பம்புக்கு ஒரு ரப்பர் சீல். நூறு பம்புக்கு நூறு. இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆலையில் பொருத்துகிறவர், எதற்கும் கையில் இருக்கட்டுமே என்று, கைகாவலுக்குப் பத்து கூட்டிக் கேட்பார். மேஸ்திரி அதை நூற்றுமுப்பது ஆக்குவார். சப்ளையர் எப்படியும் குறைத்துத்தான் அனுப்புவார் என்று கிடங்கார் நூற்றறுபது எழுதுவார். கொள்முதல் பிரிவு முழு எண்ணாக இருக்கட்டும் என்று இருநூறு போடும். சப்ளையரோ, பம்பு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று புது மெஷினே இறக்கிவிடுவார். அடுத்த மாதம் ஸ்டோர் பிதுங்கும். "யாருய்யா இவ்வளவு கேட்டது?" என்று ஆர்டரை அடியோடு நிறுத்துவார்கள். சப்ளையர் மெஷினை மூடுவார். அதற்கடுத்த மாதம் பஞ்சம். நுனியில் ஒருவர் விரலை அசைத்தால் அடியில் ஒருவர் கட்டிலோடு கவிழ்கிறார்.

இப்படி நாலைந்து பஞ்சம் பார்த்தபின் கிடங்கார் ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார். 'உடைந்தவை' என்று எழுதிய பெட்டியில் உடையாத சீல்கள். ஓடாத மின்விசிறிக்குப் பின்னால் பேரிங்குகள். கம்ப்யூட்டரில் பூஜ்யம் என்று இருக்கும். கிடங்கார் உள்ளே போய்க் கைநிறைய அள்ளி வருவார். "அண்ணே, நீங்க தெய்வம்!" என்பார்கள். தெய்வத்துக்கு லீவு கிடையாது என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

புதிதாக வந்த மேனேஜர் அந்த வாரம் எல்லோரையும் கூட்டி வகுப்பு எடுத்தார். பலகையில் ஒரு பாட்டில் வரைந்தார்.

"வயிறு எவ்வளவு பெருசா இருந்தாலும், கழுத்து விடுற அளவுக்குத்தான் தண்ணி வரும். நம்ம ஆலைக்கு எது கழுத்து? எந்த மெஷின்?"

"மெஷின் இல்ல சார்," என்றார் மேஸ்திரி. "நம்ம கிடங்காரு கழுத்துதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கிடங்காரும் சிரித்தார். மத்தியானம் லீவு கடிதத்தோடு போய் நின்றார்.

"நீங்க போனா லைன் நின்னுடுமே. அடுத்த மாசம் பாக்கலாம்."

"அடுத்த மாசம் போனாலும் நிக்கும் சார்."

"அதத்தானே நானும் சொல்றேன்!"

கோபம்கூட வரவில்லை அவருக்கு. கோபப்படத் தெம்பு வேண்டும். மறுநாள் காலையில் ஸ்டோரில் ஏணியைப் போட்டு ஏறினார்.

இரண்டு நாள் ஆயிற்று. ஒளித்ததையெல்லாம் இறக்கி, எண்ணி, தட்டில் அடுக்கினார். ஒவ்வொரு தட்டிலும் சீட்டு ஒட்டினார்: பெயர், எண்ணிக்கை, வந்துசேர எத்தனை நாள். சாமான் கொட்டிவைக்கும் தொட்டிகளுக்குள் சிவப்பாக ஒரு கோடு போட்டார். சாமான் அதற்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போட வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வீடு காலி பண்றீங்களா? அடப்பாவி, இவ்ளோ பேரிங்கா! போன மாசம் என்னைக் கெஞ்ச விட்டீங்களே!"

"நீ முப்பது கூட்டிக் கேட்ட. நான் அறுபது ஒளிச்சேன்."

"உங்க மேல நம்பிக்கை இல்லண்ணே, அதான் கூட்டினேன்."

"எனக்கும் அதான்."

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர் பாத்தா உங்க கழுத்துக்குக் கத்தி."

"போகட்டும். தண்ணி தாராளமா வரும்ல?"

வெள்ளிக்கிழமை மேனேஜர் பார்த்தார். கணக்கில் இல்லாத சீல் மட்டுமே நாலு மாதத்துக்குப் போதும்.

"இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சிருந்தீங்களா?"

"ஆமா சார்."

"இப்ப மட்டும் ஏன் காட்டுறீங்க?"

"திங்கக்கிழமை ஆபரேஷன் சார். இனி யார் வந்தாலும் சாமான் எடுத்துக்கலாம். சீட்டப் படிச்சாப் போதும்."

மேனேஜர் சீட்டுகளைப் படித்தபடியே ஒரு சுற்று வந்தார். கேட்ட பேரிங் அவர் கைக்கே அரை நிமிடத்தில் கிடைத்தது. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதே. சாயங்காலம் கடிதம் வந்தது: சரக்கை மறைத்த குற்றத்துக்குச் சம்பளமில்லாமல் பத்து நாள் சஸ்பென்ஷன், திங்கள் முதல்.

தேதி சரிதானா என்று கிடங்கார் இரண்டு முறை படித்தார்.

"ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம்," என்றார் மேனேஜர்.

"ஐயோ, வேண்டாம் சார்," என்று மடமடவென்று கையெழுத்துப் போட்டார், மனிதர் மனம் மாறிவிடுவதற்குள்.

வீட்டில் செருப்புச் சத்தம் கேட்டதுமே மனைவி கேட்டாள், "லீவு குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்க. பத்து நாள்."

"நெசமாவா! வாயால சொன்னாங்களா, எழுத்துல குடுத்தாங்களா?"

அவர் கடிதத்தை நீட்டினார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பெருசா சீல் எல்லாம் வச்சிருக்காங்க. மரியாதை தெரிஞ்சவங்க," என்றாள். கடிதத்தை நீவி நாலாக மடித்தாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும். கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல இதத்தான் படிக்கணும்."

கிடங்கார் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.