முழு அட்டை

"எத்தனை வேணும்?" என்று கேட்கும்போதே மருந்துக்கடை மில்கேயாவின் கை கத்தரிக்கோலுக்குப் போய்விடும். "ரெண்டு" என்பார்கள். "ஒண்ணு போதும்" என்பார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, காலாவதித் தேதி அச்சடித்திருக்கும் ஓரத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து நறுக்குவாள். கடைசி மாத்திரை விற்கும்வரை தேதி கடையில் இருக்க வேண்டுமாம். கத்தரிக்கோல் நீல நாடாவில் அவள் கழுத்திலேயே தொங்குகிறது. எங்கள் அசுவா ஊரில் முழு அட்டை வாங்குகிறவன் பணக்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் வெளியூர்க்காரனாக இருப்பான்.

அவளும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் மருந்துக்கடை வாசலில், வாதுமை மர நிழலில்தான் நாங்கள் நாலு பேர் டோமினோ ஆடுகிறோம். அவள் மருந்தாளுநர் பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஐம்பது தாண்டிய பிறகு மேற்கொண்டு முதுநிலைச் சான்றிதழ் படிக்கக் கிளம்பினாள். வகுப்பெல்லாம் கைபேசியில். மின்சாரம் போய்த் திரும்பும்போது தெருவே "வந்துருச்சு!" என்று கூவும். பழக்க தோஷத்தில் அவளும் கூவிவிடுவாள். "யார் வந்தது?" என்று தலைநகரிலிருந்து பேராசிரியர் கேட்பார்.

"இந்த வயசுல பரீட்சை எழுதி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று எங்களோடு ஆடுகிற எலிஹியோ மேசையிலிருந்தே சீண்டுவான். "என் பேரன் பக்கத்துல பெஞ்சு காலியா இருக்காம். போய் உக்காந்துக்க."

"நீ ஆட்டத்தப் பாரு. ரெட்டை ஆறுக் கட்டைய வச்சுக்கிட்டு முழிக்கிறது இங்கேருந்தே தெரியுது" என்பாள், தலையைத் தூக்காமல்.

எதற்குப் படிக்கிறாள் என்று ஒருநாள் நானே கேட்டேன். சான்றிதழ் இருந்தால் அரசு மருத்துவமனை வார்டில் வேலை கிடைக்கும், நோயாளியின் கட்டிலருகே நின்று மருந்து என்ன செய்கிறது என்று பார்க்கலாம் என்றாள். "இங்க நறுக்கிக் குடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. பொழைச்சானா செத்தானான்னு சர்ச் மணி அடிச்சாத்தான் எனக்கே தெரியுது" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளே தவிர, அது சிரிப்பாக இல்லை.

பாடமெல்லாம் முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். ரத்த அழுத்தக்காரர் ஒருவரை மூன்று மாதம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை போடவைத்து, அழுத்தத்தை இறக்கிக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று வாய்ப்பு. முதல் ஆள் ஃபெர்மின், கிறிஸ்துமஸுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார். "பீரோட மாத்திரை சேராதுன்னு நீதானே சொன்ன?" என்று அவளையே மடக்கினார். அடுத்தவர் பதினைந்து நாளில், "உடம்பு நல்லாத்தான இருக்கு, சும்மா எதுக்கு?" என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது ஆள் எனேரியா, தேங்காய் மிட்டாய் விற்கிறவள், எங்கள் தெருவுக்கே அக்கா. சொன்ன நாளில் காலி அட்டைகளைக் கொண்டுவந்து கடை மேசையில் வைப்பாள். மில்கேயா தன் கைக்காசில் அடுத்த முழு அட்டையைக் கொடுப்பாள். ஆனால் அழுத்தம் மட்டும் இறங்குவேனா என்றது.

"உப்பு?"

"தொடறதில்ல."

"சலாமிக் கறி?"

"கண்ணால பாத்தே ரொம்ப நாளாச்சு. சத்தியமா ஒரு மாத்திரை மிச்சமில்ல, டாக்டரம்மா."

மிச்சமில்லைதான். மில்கேயா மண்டையை உடைத்துக்கொண்டு புத்தகம் புத்தகமாகப் புரட்டினாள்.

தவக்காலம் வந்தது. எங்கள் ஊரில் அப்போது சிவப்பு பீன்ஸைத் தேங்காய்ப்பாலில் பாயசமாகக் காய்ச்சி வீடு வீடாக அனுப்புவோம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். நான் எனேரியாவின் கிண்ணத்தில் மாம்பழம் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்ப, அழுத்தம் பார்க்கும் கருவியோடு மில்கேயாவும் கூட வந்தாள். சமையலறை மேசையில் பாயசக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தட்டால் மூடியிருந்தது. ஒவ்வொரு தட்டின் மேலும் அட்டையிலிருந்து பிதுக்கிய மாத்திரை ஒன்று.

"எனேரியாக்கா, இது என்ன?"

"செனோவியாவுக்கும் பிரஷர், அவ புருஷனுக்கும் பிரஷர். எதிர்வீட்டுக் கிழவருக்கும்தான். நீ எனக்கு முழு அட்டையா குடுக்கிற. அவங்க தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்ப நான் மட்டும் எப்படிம்மா முழுங்குவேன்?"

"அப்ப உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை போட்டுக்குவேன்."

வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மில்கேயா நாற்காலியில் உட்கார்ந்து கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் எனேரியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இனிமேல் எல்லா மாத்திரையையும் தானே போட்டுக்கொள்வதாகச் சத்தியம் வாங்கினாள்.

பெரிய வெள்ளியன்று, பாயசம் கிளறிக்கொண்டிருந்தபோது எனேரியாவின் வலது கையிலிருந்து அகப்பை விழுந்தது. அந்தக் கை இன்னும் எழவில்லை. பேச்சும் போய்விட்டது. போனால் நம்மைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

நாலாவது வாய்ப்பு கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்தது. மில்கேயா எங்கள் எதிரேதான் படித்தாள். கைபேசியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். எலிஹியோ டோமினோக் கட்டைகளைக் கலைத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் செனோவியா கடைக்கு வந்தாள்.

"டாக்டரம்மா, எனேரியா குடுப்பாளே, அந்த மாத்திரை. ரெண்டு குடு. எனக்கொண்ணு, அவருக்கொண்ணு."

"ரெண்டு போட்டு என்ன ஆகப்போகுது செனோவியா? தினமும் போடணும். அட்டையோட எடுத்துட்டுப் போ, காசு வேண்டாம்."

செனோவியா ஓரடி பின்வாங்கினாள். "ஐயையோ, முழு அட்டையா? முழு அட்டை வாங்கி வாங்கித்தானே அவளுக்கு இப்படி ஆச்சு!"

மில்கேயா கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தாள். அட்டையைத் திருப்பி, தேதி இருக்கும் ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு மாத்திரை நறுக்கினாள்.