சூர்யகலாவின் இடது கன்னம்

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சீட்டு இல்லாமல் வந்து, "செவப்பாகுற டியூப் குடுங்க" என்பவர்களோடு இன்றைக்கும் சண்டைதான். சூர்யகலாவோடும் முதலில் சண்டைதான் போட்டேன்.

ராசிங்காபுரத்துக்காரி. முப்பத்திரண்டு வயசு. புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான், ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருத்தி. விடியுமுன் ஜீப்பில் மலையேறிப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவாள். போன மார்கழியில் பனிமூட்டத்துக்குள் அந்த ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அங்கேயே செத்துப்போனாள். சூர்யகலாவுக்கு இடது கன்னம் காதடியிலிருந்து வாய்க்கோடி வரை கிழிந்தது. காயம் ஆறிய பிறகும் தழும்பு கயிறு மாதிரி தடித்துச் சிவந்து நின்றது.

அதற்கப்புறமும் அதே மலைக்கு ஜீப்பில்தான் போனாள். போகாமல் என்ன செய்வாள்? கீழே ஊரில் வயக்காட்டு வேலை வாரத்துக்கு ரெண்டு நாள் கிடைத்தால் பெரிசு. ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாளாம். மேலே போய் இறங்கினால் விரல் நிமிரக் கொஞ்ச நேரம் ஆகுமாம்.

"நானும் செத்துட்டா பிள்ளைக்கு யாருக்கா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

காசிராஜன் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஆடி பிறந்ததும் போய்க் கேட்டிருக்கிறாள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தாராம். "வாங்க வர்றவுக முன்னாடி நிக்கிற பொம்பள, முகம் பளிச்சுன்னு இருக்கணும்மா. தழும்பு கொஞ்சம் மங்கட்டும். தீவாளி யாவாரத்துக்குப் புரட்டாசி கடைசி நாள்ல ஆள் எடுப்போம், அப்ப வா" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே என் முன்னால் வந்து நின்றாள். "தழும்பு போற கிரீம் குடுங்கக்கா. மூணு மாசத்துல போயிரணும்."

"எந்தக் கிரீமுக்கும் தழும்பு அடியோட போகாது. போகும்னு சொல்றவன் புளுகுறான். மொதல்ல தோல் டாக்டரப் பாரு, போ!" என்று கத்தினேன்.

முறைத்துக்கொண்டு போனவள் மறுவாரம் சீட்டோடு வந்தாள். சிலிக்கான் ஜெல். காலையும் ராத்திரியும், சுத்தமான காய்ந்த தோலில், மெல்லிசாக. வெயில் படக்கூடாது. அவ்வளவுதான். அவளும் ஒரு வேளை விடவில்லை. முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் காய் எடுப்பாளாம். சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்து கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள். ஆவணியில் அரிப்பு நின்றது. புரட்டாசியில் தடிப்பு அமுங்கி, சிவப்பும் வெளிறியது. எனக்கே ஆசை வந்துவிட்டது. நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை மாதிரி நானும் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

ஆள் எடுக்க மூன்று நாள் இருந்தது. ஒரு சாயங்காலம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள். கூட வேலை செய்கிற அமுதவள்ளி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். துணியை நானே விலக்கினேன். கன்னம் முழுக்க வீங்கிச் சிவந்து, இடது கண் பாதி மூடிக் கிடந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"இன்னும் நல்லா மங்கட்டுமேன்னு மத்தியானமும் போட்டேன்க்கா."

"எங்க வச்சு?"

"தோட்டத்துலதான்."

விசாரித்தால் விஷயம் வந்தது. முந்தின நாள்தான் அவள் காய் எடுத்த செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். மருந்தடித்த தோட்டம் என்றால் இவர்கள் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். ஸ்பூனால்தான் அள்ளிச் சாப்பிடுவார்கள். இவளும் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டு முடித்து, அதே கழுவாத விரலால் ஜெல்லைப் பிதுக்கிக் கன்னத்தில் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். வாய்க்குள் போனால்தான் விஷம், முகத்தில் பட்டால் இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

அமுதவள்ளி தன் பையிலிருந்து ஒரு டியூபை நீட்டினாள். ஸ்டீராய்டோடு மூன்று மருந்து கலந்த வெளுப்புக் கிரீம். "இதப் போட்டா ரெண்டு நாள்ல வெளுத்துரும், பாருங்க."

சூர்யகலா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "போட்டுக்கிறவாக்கா? ரெண்டே நாளு. அப்புறம் தொடவே மாட்டேன்."

"தோலு உரிஞ்சு போகும்டி!" அவள் கையிலிருந்து பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவவைத்து, நேரே டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்கு ஆபத்தில்லை என்றார். வீக்கம் வடிய ஒரு வாரம் ஆகும் என்றும் சொன்னார்.

ஒரு வாரம். அவளுக்கு இருந்தது மூன்றே நாள்.

அந்த மூன்று நாளும் மலைக்குப் போகவில்லை. ஆள் எடுக்கிற அன்றைக்கு நானும் கூடப் போனேன். வீக்கம் பாதி வடிந்திருந்தது. கன்னம் இன்னும் சிவப்புத்தான். ஜவுளிக்கடைப் படியேறும்போது என் கையைப் பிடித்தாள். "கிட்ட வந்து பாக்கச் சொல்லுங்கக்கா. தழும்பு மங்கிருச்சுல்ல? வீக்கம் வேற, தழும்பு வேறன்னு நீங்க எடுத்துச் சொல்லுங்க."

முதலாளி காசிராஜன் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா?"

"ராசிங்காபுரம் மொதலாளி. ஆடி மாசம் வந்தேன். சேல எடுத்துப் போடுற வேலைக்கு."

"அதுக்கா? அதுக்கு ஆடியிலயே என் மச்சினன் மகளப் போட்டாச்சே. தீவாளிக்கும் அவ ஒருத்தி போதும்."

"தழும்பு மங்குனதும் வரச் சொன்னீக..."

"தழும்பா? நானா சொன்னேன்?" கண்ணைச் சுருக்கி அவள் கன்னத்தைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. "என்னம்மா வீங்கியிருக்கு? பூச்சி கடிச்சிருச்சா?"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சூர்யகலா என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"ஆமா மொதலாளி," என்றாள். "பூச்சிதான்."

தெருவுக்கு வந்தும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு காப்பியாவது குடித்துவிட்டுப் போ என்றேன்.

"வேணாம்க்கா. வெரசாப் போகணும்," என்றாள். "நாளைக்கு வர்றேன்னு ஜீப்புக்காரர்கிட்ட சொல்லி வைக்கணும். இடம் போயிருச்சுன்னா அந்தச் சோலியும் இல்லாமப் போயிரும்."